சிவப்பா இருந்தா போதும்னு நெனச்சு வச்ச தோட்டம்

"என்ன செடி வச்சா ஹம்மிங்பேர்ட் வரும்"னு இந்த வருஷம் மட்டும் அஞ்சாறு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கே அலுத்துப்போச்சு, அதான் மூணு வருஷத்துல நான் வச்சது, செத்தது, பிடுங்குனது, பிழைச்சது எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் ஒண்ணும் தோட்டக்கலை படிச்சவன் கெடையாது, பகல்ல டேட்டாபேஸோட மல்லுக்கட்டிட்டு சாயங்காலம் மண்வெட்டி எடுக்குற ஆளு, அதனால இதுல பாதி சொதப்பல் கதைதான்.

மொதல்ல எடம் எதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா கலிஃபோர்னியால இருக்குறவங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. நாங்க அமெரிக்காவுல நார்த் கரோலினா, ராலேக்குப் பக்கத்துல கேரிங்குற ஊரு. 2022 பிப்ரவரில இந்த வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் மரப்பலகை போட்ட ஒரு டெக், அதுல இருந்து எறங்குனா இருபதடி நீளம் பன்னெண்டடி அகலத்துக்கு சும்மா கெடந்த தரை. மண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். எங்கம்மா ஊர்ல இருந்து வந்தப்போ மொத நாளே டெக்ல நின்னு பாத்துட்டு "நம்ம புதுக்கோட்டை மண்ணு மாதிரில்ல இருக்கு"ன்னு சொன்னாங்க. நெறம்தான் அப்படி, கையில எடுத்தா வேற கதை. மழை பேஞ்சா பசை, வெயிலடிச்சா செங்கல். ஏப்ரல் நடுவுல வரைக்கும் உறைபனி வரலாம், அக்டோபர் கடைசில திரும்ப ஆரம்பிச்சிடும். நடுவுல இருக்குற ஆறு மாசம்தான் நம்ம ஆட்டம்.

இந்தப் பக்கம் கூடு கட்டி குஞ்சு பொரிக்கிறது ஒரே ஒரு வகை ஹம்மிங்பேர்ட்தான், ரூபி த்ரோட்டட். எடை சுமாரா மூணு கிராம், இங்க ஒரு சென்ட் காசு ரெண்டரை கிராம், அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆணுக்கு மட்டும் கழுத்துல செவப்பு, அதுவும் வெளிச்சம் சரியான கோணத்துல பட்டாத்தான் கங்கு மாதிரி தெரியும், இல்லன்னா கறுப்பாத்தான் இருக்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் மொத வாரம் வரும், அக்டோபர் மொத ரெண்டு வாரத்துக்குள்ள கெளம்பிடும். குளிர்காலத்துக்கு தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. தமிழ்ல ஓசனிச்சிட்டுன்னு பேர் வச்சிருக்காங்க, நல்ல பேருதான், ஆனா எங்க வீட்ல யாரும் சொல்றதில்ல, எம்பொண்ணு "ஹம்மி"ங்கிறா, அம்மா "தேன்சிட்டு"ங்கிறாங்க.

தேன்சிட்டு வேற குடும்பம், இது வேற குடும்பம், ஹம்மிங்பேர்ட் வட, தென் அமெரிக்காவத் தவிர வேற எங்கயும் கெடையாதுன்னு நான் விளக்கம் குடுத்ததுக்கு அம்மா ஒரு பத்து நிமிஷம் டெக்ல உக்காந்து பாத்துட்டு, "ஆமாடா, நம்மூரு சிட்டு காம்புல உக்காந்துக்கிட்டுல்ல குடிக்கும், இது நின்னுக்கிட்டே குடிக்குது"ன்னாங்க. நான் பத்து வெப்சைட் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம் அவங்களுக்குப் பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருச்சு. செடி தேர்ந்தெடுக்குறதுல இது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்தரத்துலயே நிக்கிற பறவைக்கு உக்கார காம்பு தேவையில்ல, பூ வெளிப்பக்கமா நீட்டிக்கிட்டு, சுத்தி இலை அடைக்காம, றெக்கை அடிக்க எடம் விட்டு இருந்தாப் போதும். பூவுக்கு முன்னாடி றெக்கை விரிக்க எடமில்லன்னா எவ்வளவு தேன் இருந்தாலும் அது மெனக்கெடாது.

2022ல செஞ்சது என்னன்னா, ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை ஒரு பெரிய கடைக்குப் போய் செவப்பா எது இருந்துச்சோ அதெல்லாம் வண்டில ஏத்திட்டு வந்தேன். செவப்பு பெட்டூனியா, செவப்பு ஜெரேனியம், அடுக்கு ரோஸ் ரெண்டு, குட்டையா செவப்பு சால்வியா ஒரு ட்ரே, தொங்கத் தொங்க ஒரு ஹனிசக்கிள் கொடி. கிட்டத்தட்ட 180 டாலர் ஆச்சு, வீட்ல பாத்த பார்வைய இங்க எழுத முடியாது. ஒரே நாள்ல எல்லாத்தையும் நட்டேன். மே மாசம் பூரா தோட்டம் செவச்செவன்னு கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. ஹம்மிங்பேர்டும் வந்துச்சு, அதான் வேடிக்கை. வரும், ரோஸ் முன்னாடி ரெண்டு செகண்டு நிக்கும், ஜெரேனியத்துல ஒரு குத்து குத்தும், போயிடும். பந்தி எலை போட்டு சாப்பாடு இல்லாத வீட்டுக்கு வந்த மாதிரி.

செவப்புங்கறது போர்டு மட்டும்தான், கடைக்குள்ள சரக்கு இருக்கணும். தேனீக்களுக்கு செவப்பு அவ்வளவா கண்ணுக்குத் தெரியாது, அதனால செவப்புப் பூவுல தேன் மிச்சமிருக்கும்னு இந்தப் பறவைங்க அனுபவத்துல கத்துக்குதுங்க, அவ்வளவுதான் செவப்போட மகிமை. உள்ள தேன் இருக்கணும், நீளமா குழாய் மாதிரி இருக்கணும். வாசனையே வேணாம், பறவை மூக்க வச்சு பூ தேடுறதில்ல. அடுக்கு ரோஸ்ல இதழுக்கு மேல இதழா வளத்து வச்சிருக்காங்க, அலகு உள்ள போக வழியும் இல்ல, போனாலும் அங்க ஒண்ணும் இல்ல. அடுக்குப் பூ எதுவா இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாதுன்னு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன்.

அந்த வருஷம் இன்னொரு அவமானமும் நடந்துச்சு. ஜூன்ல ஒரு சாயங்காலம் பூ முன்னாடி விர்ர்னு நின்னுக்கிட்டு ஒண்ணு தேன் குடிக்கிறத நல்லா க்ளோசப்ல வீடியோ எடுத்து, "எங்க வீட்டு ஹம்மிங்பேர்ட் குட்டி"ன்னு குடும்ப க்ரூப்ல போட்டேன். மாமா, சித்தி, பெரியப்பா எல்லாரும் ஹார்ட்டின் போட்டு முடிச்சப்புறம் எம்பொண்ணு வீடியோவ ஜூம் பண்ணி "அப்பா, இதுக்கு ஆன்டெனா இருக்கு"ன்னா. அது அந்துப்பூச்சி. க்ளியர்விங்னு ஒரு வகை, பகல்ல பறக்கும், பாதி றெக்கை கண்ணாடி மாதிரி இருக்கும், அச்சு அசல் அதே மாதிரி நின்னு குடிக்கும். க்ரூப்ல இன்னும் நான் திருத்தம் போடல.

பக்கத்து வீட்ல ஒரு பாட்டி, வெள்ளைக்காரங்க, ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஆகஸ்ட்ல வேலிக்கு அந்தப் பக்கம் அவங்க தோட்டத்துல மூணு நாலு ஹம்மிங்பேர்ட் ஒண்ணையொண்ணு தொரத்திக்கிட்டு கெடக்குது, என் பக்கம் ஒண்ணு கூட இல்ல. நான் போய்க் கேட்டேன், என்ன செடிங்க இதுன்னு. அவங்க செடி பேர் சொல்லல, "உன் தோட்டத்துல இப்ப என்ன பூத்திருக்கு"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நான் யோசிச்சுப் பாத்தேன். பெட்டூனியா வெயில்ல காஞ்சு போச்சு, சால்வியா ட்ரே முடிஞ்சது, ரோஸ் இலையெல்லாம் கரும்புள்ளி. நான் வச்சதுல ஒண்ணுமே பூக்கல. பறவை வர்றப்போ மார்ச்ல ஒண்ணுமில்ல, போறப்போ செப்டம்பர்லயும் ஒண்ணுமில்ல, நடுவுல மே மாசம் மட்டும் திருவிழா. ஆனா அது கெளம்புற நேரத்துலதான் தீனி அதிகமா தேவை, ஒடம்பு எடைய கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கிக்கிட்டு மெக்சிகோ வளைகுடாவ 800 கிலோமீட்டர் எங்கயும் உக்காராம தாண்டுற பயணம் அது. அந்த நேரத்துல நான் கடைய சாத்தி வச்சிருந்தேன்.

அன்னைக்கு ராத்திரியே இந்தியன் க்ரோசரில சும்மா குடுத்த மாசக் காலண்டர எடுத்து, ராகுகாலம் போட்டிருக்குற கட்டத்துக்குப் பக்கத்துல பென்சில்ல பூக்குற தேதி எழுத ஆரம்பிச்சேன். இந்த மூணு வருஷத்துல நான் செஞ்ச உருப்படியான வேலை அந்தக் காலண்டர்தான். செடி வாங்குறதுக்கு முன்னாடி "அழகா இருக்கா"ன்னு பாக்குறத விட்டுட்டு "எந்தக் கட்டம் காலியா இருக்கு"ன்னு பாக்க ஆரம்பிச்சேன்.

இப்ப ஹனிசக்கிள் கதை. நான் வாங்கிட்டு வந்த கொடி லேபிள்ல வெறும் ஹனிசக்கிள்னுதான் போட்டிருந்துச்சு. பூத்தப்போ வெள்ளை, ரெண்டு நாள்ல மஞ்சளாகிடுச்சு, வாசம் மல்லிப்பூ மாதிரி தூக்குது, நான் குஷியாயிட்டேன். அது ஜப்பான்ல இருந்து வந்த வகை, லோனிசெரா ஜப்போனிகா. இங்க காட்டுக்குள்ள புகுந்து மரத்தையெல்லாம் சுத்தி அமுக்கிக்கிட்டு இருக்குற ஆக்கிரமிப்புக் கொடி, ஊர்ல உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் பண்ற வேலைய இது இங்க பண்ணுது. நமக்கு வேண்டியது இந்த மண்ணுக்கே சொந்தமான கோரல் ஹனிசக்கிள், லோனிசெரா செம்பர்வைரன்ஸ். அதுக்கு வாசனையே இருக்காது, பூ ரெண்டு இஞ்சு குழாய், வெளிய செவப்பு, உள்ள மஞ்சள். பூ இல்லாதப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, நுனில பூங்கொத்துக்கு நேர் கீழ இருக்குற ரெண்டு இலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே தட்டு மாதிரி ஆயிருக்கும், அந்தத் தட்டோட நடுவுல ஓட்ட போட்டுக்கிட்டு தண்டு வெளிய வந்திருக்கும். ஜப்பான்காரனுக்கு எல்லா இலையும் தனித்தனி. பழமும் வேற, இதுக்கு செவப்பு, அதுக்கு கறுப்பு. பேர மட்டும் நம்பி வாங்காதீங்க, லேபிள்ல லத்தீன் பேர் இல்லன்னா வச்சுட்டு வந்துடுங்க.

பழசப் பிடுங்கிட்டு 2022 அக்டோபர்ல கோரல் ஹனிசக்கிள் ஒண்ணு ஒரு கேலன் தொட்டில வாங்கி டெக் தூணுல ஏத்துனேன். மொத வசந்தத்துல நாலு கொத்துதான். அதுலயும் மொட்டு பூரா அசுவினிப் பூச்சி அப்பிக்கிச்சு, ஹோஸ் வச்சு தண்ணிய வேகமா அடிச்சேன், மருந்து எதுவும் போடல. ரெண்டாவது வசந்தம், 2024 மார்ச் 29ம் தேதி, கொடி பூரா பூ, காலைல காபியோட நிக்கிறேன், மொத ஆண் பறவை வந்து தூணச் சுத்தி ஒவ்வொரு குழாயா வரிசையா, ஒண்ணு விடாம, கரண்ட் பில் ரீடிங் எடுக்குற ஆள் மாதிரி பாத்துட்டுப் போச்சு. காலண்டர்ல அந்த மார்ச் கட்டம் அன்னைக்குத்தான் நெறஞ்சுது. அதுக்குத் துணையா மர நிழல்ல செவப்பு கொலம்பைன் வச்சிருக்கேன், அக்விலீஜியா கனடென்சிஸ், அதுவும் சரியா பறவை வர்ற நேரத்துல பூக்கும், தானா விதை விழுந்து மொளைச்சுக்கும், அதைப் பத்தி சொல்ல வேற ஒண்ணும் இல்ல, தொந்தரவே குடுக்காத செடி.

தொந்தரவுன்னா ட்ரம்பெட் க்ரீப்பர். இது நான் வச்சதில்ல, வீட்டோடயே வந்தது, பின் வேலில. ஆரஞ்சு கலர்ல பெரிய பெரிய ஊதல் பூ, பறவை உயிரா இருக்கும், சந்தேகமே இல்ல. ஆனா வேர்ல இருந்து பத்தடி தள்ளி புல்தரைக்கு நடுவுல மொளைக்குது, வெட்டுனா பக்கத்துல ரெண்டா மொளைக்குது, எங்க ஹெச்ஓஏ, அதான் குடியிருப்போர் சங்கம், அதுல இருந்து வேலி சாயுதுன்னு லெட்டர் வேற வந்துச்சு. கையுறை போடாம பிடுங்கி ரெண்டு நாள் முழங்கை வரைக்கும் அரிப்பு. ஏக்கர் கணக்குல எடம் இருந்தா வைங்க. காலேக்கர் வீட்டுக்கு வேணாம்.

மண்ணு விஷயத்துல பண்ணுன தப்பையும் சொல்லிடுறேன். களிமண்ணுல குழி தோண்டி, குழிக்குள்ள மட்டும் கடைல வாங்குன நல்ல பாட்டிங் மண்ணக் கொட்டி செடி வச்சேன். பாக்க ரொம்ப அக்கறையா வச்ச மாதிரிதான் இருந்துச்சு. மழை பேஞ்சதும் சுத்தி களிமண் தண்ணிய விடாம, குழி அப்படியே தொட்டியாகி, சால்வியா க்ரெக்கி ரெண்டும் அந்தக் குளிர்காலத்துலயே வேர் அழுகிச் செத்துச்சு. இது டெக்சஸ், மெக்சிகோ பக்கத்துக் காய்ஞ்ச நெலத்துச் செடி, குளிர விட ஈரம்தான் அதுக்கு எமன். அடுத்த வருஷம் தனித்தனிக் குழிய விட்டுட்டு மொத்தப் பாத்தியையும் கொத்தி, தூளா உடைச்ச பைன் மரப்பட்டையும் கம்போஸ்டும் கலந்து, ஆறு இஞ்சு மேடா ஏத்துனேன். முதுகு போச்சு, ஆனா அதுக்கப்புறம் அங்க வச்ச ஒண்ணும் அழுகல.

அந்த மேட்டுல இப்ப ராஜா யாருன்னா 'ப்ளாக் அண்ட் ப்ளூ'ங்குற சால்வியா, சால்வியா குவாரனிட்டிக்கா. தென் அமெரிக்காக்காரன், குவாரனின்னு அங்க இருக்குற பழங்குடி மக்களோட பேர்தான் செடிக்கும். பூ கருநீலம், அதத் தாங்குற புல்லி கறுப்பு. செவப்புன்னு துளி கூட இல்ல. இருந்தும் மே கடைசில இருந்து உறைபனி வரைக்கும் எங்க தோட்டத்துல அதிக தடவ பறவை வர்ற செடி இதுதான். செவப்பு செவப்புன்னு நான் செலவழிச்ச 180 டாலர் அப்பப்ப நெனப்புக்கு வரும்.

இந்தச் செடி கிட்ட ஒரு நாள் மதியம் சேர் போட்டு உக்காந்திருந்தப்போ ஒரு திருட்டப் பாத்தேன். கார்பென்டர் தேனீ, நம்மூரு கருவண்டு சைசு, குழாய் வாய்க்குள்ள அதால நுழைய முடியல, அதனால பூவோட அடிப்பாகத்துக்குப் போய் சைடுல ஒரு கீறல் போட்டு அங்கயே வாய வச்சு உறிஞ்சிட்டுப் போயிடுது. கிட்டப் போய்ப் பாத்தா பாதிப் பூவுல அடியில ப்ரவுன் கலர்ல ஒரு கோடு. வாசல் வழியா வர்றவன் மகரந்தத்த சொமந்துட்டுப் போவான், இவன் கன்னம் வச்சு எடுத்துட்டுப் போறான். ஒண்ணும் செய்ய முடியாது, பூ நெறைய பூக்குற செடியா வச்சா ரெண்டு பேருக்கும் பத்தும்.

ஜூன், ஜூலைக்கு பீ பாம், மொனார்டா டிடிமா. இலையக் கசக்குனா கற்பூரவல்லியும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசம். மொத தடவ வச்ச வகைக்கு ஜூலை வந்ததும் இலை பூரா விபூதி பூசுன மாதிரி சாம்பல் நோய். அதத் தூக்கிட்டு 'ஜேகப் க்ளைன்'னு ஒரு வகை வச்சேன், நாலடி வளருது, சாம்பல் ரொம்பக் கொஞ்சம்தான் வருது, காத்து போக எடம் விட்டு வச்சா அதுவும் இல்ல. ஜூலைல இருந்து பனி விழற வரைக்கும் சால்வியா காக்சீனியா, இது ஒரு பாக்கெட் விதை மூணு டாலர், வீசி விட்டேன், அவ்வளவுதான், வருஷாவருஷம் அதுவே மொளைக்குது. கடைல ட்ரேல விக்கிற குட்டை சால்வியா வேற, இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க, எங்க வீட்டுல பறவை ட்ரே சால்வியாவ எட்டிப் பாத்துட்டு இதுக்குத்தான் வந்து நிக்குது.

எனக்குப் பிடிச்ச செடி கார்டினல் ஃப்ளவர்தான். லோபீலியா கார்டினாலிஸ், ஜூலை நடுவுல இருந்து செப்டம்பர் வரைக்கும், மூணு நாலடி உசரக் கதிர்ல கீழ இருந்து மேல வரிசையா பூக்கும், அந்த மாதிரி செவப்ப நான் வேற பூவுல பாத்ததில்ல. ஆனா அது ஓடக்கரைச் செடி, கால் ஈரமா இருக்கணும். மேட்டுல வச்சேன், ஆகஸ்ட் வெயில்ல கருகிப் போச்சு. அப்புறம் ஒரு நாள் வீட்டுப் பக்கவாட்டுல நடக்குறப்போ ஏசி யூனிட்டுல இருந்து சின்ன பைப் வழியா தண்ணி சொட்டிக்கிட்டே இருக்குறதப் பாத்தேன். ஊர்ல பாத்ரூம் தண்ணி போற எடத்துல வாழையும் கல்வாழையும் வைக்கிற வீட்ல வளந்துட்டு இத யோசிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கு. வெயில் ஏற ஏற ஏசி ஓடும், ஏசி ஓட ஓட தண்ணி சொட்டும், செடிக்கு எப்ப அதிகம் தேவையோ அப்ப அதிகம் வரும், தனியா தண்ணி ஊத்தவே வேணாம். அஞ்சு செடி அங்க வச்சேன், அஞ்சும் தளதளன்னு வந்துச்சு.

வந்தது மூணாச்சு, அதுவும் என் கைங்கரியம்தான். பூத்து முடிஞ்சதும் தண்டு காஞ்சிடும், ஆனா அடியில தரையோட தரையா ஒரு சின்ன இலைக்கொத்து குளிர்காலம் பூரா பச்சையா இருக்கும், அடுத்த வருஷச் செடி அதுதான். நவம்பர்ல எல்லாரும் மல்ச், அதான் மண்ண மூடுற மரப்பட்டைத் தூள், போடுறாங்களேன்னு நானும் ரெண்டு மூட்டை கொட்டி அதுங்களப் போர்வை போத்தி மூடுனேன். வெளிச்சம் படாம, ஈரத்துல அடைஞ்சு, ரெண்டு அழுகிருச்சு. இப்ப அதச் சுத்தி கையால மல்ச்ச விலக்கி விடுறேன், மேல விழுற இலையையும் எடுத்துடுறேன்.

அந்தப் பூவ நிதானமா பாத்தா ஒரு தந்திரம் தெரியும். குழாய்க்கு மேல கேசரங்கள் எல்லாம் ஒண்ணு சேந்து ஒரு கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்கும், அதோட நுனி சரியா பறவையோட நெத்தில இடிக்கிற உசரத்துல இருக்கும். புதுசா விரிஞ்ச பூவுல அந்த நுனி மகரந்தம் குடுக்கும், கொஞ்ச நாள் போனதும் அதே நுனில சூல்முடி வெளிய வந்து மகரந்தம் வாங்கும். போன ஆகஸ்ட்ல ஒரு பெண் பறவை குடிச்சு முடிச்சுட்டு ஏசி யூனிட் மேல இருந்த வயர்ல உக்காந்துச்சு, நெத்தில திருநீறு மாதிரி வெளிறுன தூள். அம்மாகிட்ட காட்டுனேன், "கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கு"ன்னாங்க.

சீனித்தண்ணி ஊத்தி வைக்கிற ஃபீடரும் ஒண்ணு வச்சிருக்கோம், அதப் பத்திக் கேப்பீங்க, அதனால சுருக்கமா. ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணி, கலர் பொடி வேணாம், வெயில் காலத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கழுவி மாத்தணும், அது முடியாதுன்னா வைக்கவே வைக்காதீங்க. அம்மா மொத நாளே தடுத்தாங்க, "வெள்ளச் சீனி ஒடம்புக்கு ஆகாதுடா, நாட்டுச் சர்க்கரை போடு, இல்ல பனங்கல்கண்டு போடு"ன்னு. நமக்கு அது சரி, பறவைக்கு அதுல இருக்குற இரும்புச்சத்து ஆகாது, தேனும் கூடாது, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். வெறும் வெள்ளச் சீனி மட்டும்தான். சீனி இல்லாத தண்ணி வச்சா ஒரே நக்குல கண்டுபிடிச்சு மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிடும். இதுல ஒரு ஆச்சரியம், பறவைங்களுக்கு பொதுவா இனிப்பு உணர்ற ரிசப்டர் மரபணு கெடையாது, ஹம்மிங்பேர்டுக்கு உமாமிங்குற மாமிசச் சுவைக்கான ரிசப்டரே மாறி இனிப்புக்கு வேலை செய்யுதுன்னு 2014ல சயின்ஸ் இதழ்ல ஆராய்ச்சி வந்துச்சு.

ஃபீடரால ஒரு சிக்கல், ஒரே ஆண் அதக் குத்தகைக்கு எடுத்துக்கும். டாக்வுட் மரத்துல ஒரு பட்டுப்போன குச்சி இருக்கு, அதுல உக்காந்துக்கிட்டு யார் வந்தாலும் விரட்டும். அந்தக் குச்சிய வெட்ட ஏணி போட்டேன், நல்லவேளை வெட்டல, அதுக்கு காவல் காக்க ஒரு எடம் வேணும். அதனால செடிகள ஒரே பாத்தில குவிக்காம, ஒண்ணுல இருந்து பாத்தா இன்னொண்ணு தெரியாத மாதிரி வீட்டோட மூணு பக்கம் பிரிச்சேன். ஏசி பக்கம் ஒருத்தர், டெக் பக்கம் ஒருத்தர், முன்வாசல் நிழல்ல ஒருத்தர். முன்வாசல்ல இருக்குறது டர்க்ஸ் கேப், ஊர்ல வேலியோரம் விரியாமலே தொங்குமே செவப்பு செம்பருத்தி, அதோட ஒண்ணுவிட்ட தம்பி, இதோட பூ தொங்காம மேல பாத்து நிக்கும், நிழல்லயும் பூக்கும். நம்ம சாதா செம்பருத்தியும் ஒண்ணு ஆசையா தொட்டில வச்சேன், ஒரே ராத்திரில மான் மொட்டோட மேஞ்சிட்டுப் போச்சு. சால்வியா வகைகள மான் அவ்வளவா தொடாது, இலை வாசம் அதுக்குப் பிடிக்கிறதில்ல.

இது எல்லாத்தையும் விட ஒரு விஷயம். மொத வருஷம் மாசாமாசம் கொசு மருந்து அடிக்க ஒரு கம்பெனிய வச்சிருந்தேன். ஹம்மிங்பேர்ட் தேன் மட்டும் குடிச்சு வாழாது, குட்டிக் கொசு, ஈ, சிலந்தி எல்லாம் பிடிச்சுத் தின்னும், குஞ்சுக்கு ஊட்டுறது முக்கியமா அதத்தான். மருந்தடிச்ச எடத்துல வெறும் சீனித்தண்ணி வச்சு என்ன புண்ணியம், நிறுத்திட்டேன். நர்சரிலயும் செடி வாங்குறப்போ நியோனிக்ங்குற பூச்சிமருந்து போட்டதான்னு கேட்டுட்டு வாங்குறேன், அது செடிக்குள்ளயே ஏறி தேன்லயும் வரும். வீட்ல ஒரே சண்டை ஒட்டடைக்குத்தான். டெக் கூரை மூலைல இருக்குற சிலந்தி வலைய அம்மா தொடப்பத்தோட அடிக்கப் போனாங்க, நான் வேணாம்மான்னேன், "ஒட்டடை இருந்தா வீட்டுக்கு மூதேவி வருவா"ன்னு சத்தம். மறுநாள் காலைல ஒரு பெண் பறவை அதே மூலைல வந்து நின்னு, வலை நூல அலகால சுத்திச் சுத்தி எடுத்துட்டுப் போச்சு. கூட்டுக்கு அதுதான் கயிறு, பஞ்சையும் பாசியையும் சிலந்தி நூலால கட்டித்தான் பாதி வால்நட் ஓடு சைசுல கூடு செய்யும், வளர வளர நூல் இழுபட்டு கூடு விரியும். அம்மா ஒண்ணும் பேசல. தொடப்பத்த உள்ள வச்சிட்டாங்க.

செப்டம்பர்ல ஒரு பயம். ஃபீடர்ல பச்சையா விரல் நீளக் கும்பிடுபூச்சி ஒண்ணு தலைகீழா தொங்கிக்கிட்டு அசையாம நிக்குது. பாவம் கும்பிடுதுன்னு விட்டுடாதீங்க, பெருசா வளந்தது ஹம்மிங்பேர்டயே பிடிச்சுத் தின்னும், நெசமாவே. ஒரு குச்சில ஏத்தி வேலியோரப் புதருக்கு அனுப்பிட்டேன்.

கடைசிக் கட்டத்துக்கு பைனாப்பிள் சேஜ், சால்வியா எலகன்ஸ். இலைய மோந்து பாத்தா அன்னாசி வாசம். பகல் குறைஞ்சாத்தான் பூக்கும், கோடை பூரா வெறும் இலையா நின்னு பொறுமைய சோதிச்சிட்டு செப்டம்பர் கடைசில திடீர்னு செவப்பாகும். வளந்த ஆண்கள் பெரும்பாலும் ஆகஸ்ட்லயே கெளம்ப ஆரம்பிச்சிடுறாங்க, செப்டம்பர்ல அதிகமா இருக்குறது பெண்ணும் இந்த வருஷக் குஞ்சுகளும், வடக்குல இருந்து வர்ற வழிப்போக்கர்களும்தான், அவங்களுக்கு இந்தச் செடி. 2024ல நான் கடைசியா பாத்தது அக்டோபர் 8. இந்த சேஜையும் ப்ளாக் அண்ட் ப்ளூவையும் பனில கருகுனதும் வெட்டிடாதீங்க, காஞ்ச தண்டோட வசந்தம் வரைக்கும் விட்டுடுங்க, அப்பதான் வேர் தாங்கும். நான் நம்பிக்கை இல்லாம நாலு துண்டு வெட்டி தண்ணி டம்ளர்ல போட்டு ஜன்னல்ல வச்சிருக்கேன், உள்ள கொண்டுவந்த கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்துல, ரெண்டுல வேர் விட்டுருச்சு.

காலண்டர்ல இன்னும் ஒரே ஒரு கட்டம் காலி. மே நடுவுல இருந்து மே கடைசி வரைக்கும், கொலம்பைன் முடிஞ்சு ப்ளாக் அண்ட் ப்ளூவும் பீ பாமும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஹனிசக்கிள்ல அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பூத்து ஒப்பேத்துது. அதுக்காக போன வாரம் சாப்பல் ஹில்ல இருக்குற நார்த் கரோலினா பொட்டானிக்கல் கார்டன் போய் இந்தியன் பிங்க் மூணு தொட்டி வாங்கிட்டு வந்தேன், ஸ்பைஜீலியா மேரிலாண்டிகா, பேர்ல பிங்க்னு இருந்தாலும் பூ வெளிய செவப்பு, உச்சில மஞ்ச நட்சத்திரம், அரை நிழல் போதும், மே ஜூன்ல பூக்கும். டாக்வுட்டுக்கு அடியில நட்டாச்சு. குளிர்காலத்துல மேல ஒண்ணுமே தெரியாம தரைக்குள்ள போயிடுமாம், மார்ச்ல நான் மறந்து அதே எடத்துல மண்வெட்டிய எறக்குற ஆளுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், அதனால எம்பொண்ணு மூணு ஐஸ் குச்சில மார்க்கர வச்சு "அப்பா இங்க தோண்டாதீங்க"ன்னு எழுதி ஒவ்வொரு செடி பக்கத்துலயும் குத்தி வச்சிருக்கா.